பிங்க் ரோஜா பாத்திக்கு 60 செடி எதற்கு?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மேற்குக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 15 அடி நீளம், 4 அடி அகலத்தில் இடம் இருக்கிறது. காலை 8 மணியிலிருந்து மதியம் 3 மணி வரை வெயில் விழும். அங்கே ஒரே நிறத்தில், இடுப்புக்கு மேல் போகாமல், பிங்க் ரோஜாவாகவே பாத்தி போட ஆசை. போன வருஷம் வண்டியில் வந்த 12 செடிகளை வாங்கித் தொட்டியில் வைத்தேன். 2 தான் மிச்சம். அதிலும் ஒன்று பூக்காமல் ஆள் உயரத்துக்கு வளர்கிறது. தோட்டம் அமைத்துத் தருபவர் ஒருவர், 60 செடி வைத்து, மேலே வெள்ளை மார்பிள் சிப்ஸ் போட்டு, ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். வீட்டில் போர் தண்ணீர்தான். சென்னைக்கு ரோஜா சரிப்படுமா? இவரை நம்பலாமா?"

சென்னைக்கு ரோஜா தாராளமாகச் சரிப்படும். உங்கள் இடமும் நல்ல இடம்தான். ரோஜாவுக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேர வெயில் போதும், உங்களுக்கு அதற்கு மேலேயே கிடைக்கிறது. சாயங்கால வெயிலைச் சுவர் மறைத்துவிடுவது இன்னும் நல்லது. பூக்கள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சாயும் என்பதால் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்து நிற்கும். இத்தனை வாய்ப்பான இடத்தில் சிக்கல் என்று இருந்தால், அது அந்த 60 செடிகளும் மார்பிள் சிப்ஸும்தான்.

கணக்கைப் பாருங்கள். 15-க்கு 4 என்றால் 60 சதுர அடி, சதுர அடிக்கு ஒரு செடி. அவர் போட்டிருக்கும் கணக்கு அவ்வளவுதான். கொத்தாகப் பூக்கும் பாத்தி ரோஜாவுக்குச் செடிக்குச் செடி ஒன்றரை அடி வேண்டும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி ஆரம்பித்தால் மீதி அகலம் 3 அடி. அதில் இரண்டு வரிசை, பின்வரிசையில் 10, முன்வரிசையில் இடைவெளி பார்த்து 9. மொத்தம் 19 செடி. அறுபதை நெருக்கி வைத்தால் முதல் மாதம் போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் காற்றுப் போக வழியில்லாமல் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து கொட்டிவிடும். பாதி செடி போகும். அப்புறம் அதே ஆள் வந்து "மாற்றுச் செடி வைக்கணும் மேடம்" என்று இன்னொரு எஸ்டிமேட் கொடுப்பார். நெருக்கி நடுவதில் அவருக்கு நஷ்டமே கிடையாது.

உங்கள் 12 செடிகள் ஏன் போயின என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த 60 செடிகளும் அதே லாரியில்தான் வரப்போகின்றன. சென்னையில் வண்டியில் விற்கும் ரோஜாக்களில் பெரும்பகுதி ஓசூர், பெங்களூரு பக்கமிருந்தோ ஆந்திராவின் கடியத்திலிருந்தோ வரும் ஒட்டுச்செடிகள், அதாவது காட்டு ரோஜாவின் அடித்தண்டில் நல்ல ரகத்தை ஒட்டியவை. பயணத்துக்காக வேரைச் சுற்றிக் களிமண்ணை உருண்டையாகப் பிடித்திருப்பார்கள். பூவும் மொட்டுமாக நிற்கும் செடியைப் பார்த்து வாங்கி, கவரை மட்டும் கிழித்து அந்த உருண்டையை அப்படியே தொட்டி மண்ணில் புதைத்துவிடுகிறோம். நாம் ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள பொலபொலப்பான மண்ணில் இறங்கிவிடும். நடுவில் உருண்டை செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கும். மேல்மண் ஈரமாக இருக்கும், செடியோ தாகத்தில் சாகும். செத்த செடியைப் பிடுங்கிப் பாருங்கள், களிமண்ணைத் தாண்டி ஒரு வெள்ளை வேர்கூட வெளியே வந்திருக்காது.

வாங்கி வந்ததும் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, அது ஊறி இளகிய பிறகு விரலால் மெல்ல வருடிக் கரைக்க வேண்டும். முக்கால்வாசிக் களி போனால் போதும். ஒட்டியிருக்கும் சன்ன வேர்களை இழுக்கக் கூடாது. பூவையும் மொட்டையும் ஈவிரக்கம் பார்க்காமல் கிள்ளிவிட்டு, சாயங்காலமாக நட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். இதைச் சொல்லி விற்கும் வண்டிக்காரரை நான் பார்த்ததில்லை. சொன்னால் அடுத்த வருஷம் நீங்கள் வாங்க மாட்டீர்களே.

அடுத்து நிறம். நீங்கள் கேட்பது ஒரே பிங்க். கடையில் "பிங்க்" என்று எடுக்கும் 20 செடிகள் வீட்டுக்கு வந்து இரண்டாவது முறை பூக்கும்போது மூன்று நான்கு சாயலாகப் பிரியும், சிலது ஆரஞ்சுகூடப் பூக்கும். ரகத்தின் பெயர் கேட்டால் "பெங்களூர் ரோஸ்", "காஷ்மீர் ரோஸ்" என்பார்கள். அதெல்லாம் ஊர்ப் பெயர். நாலு ரூபாய் மாத்திரைக்கு அட்டையில் பெயரும் தேதியும் இருக்கிறது. வருஷக்கணக்கில் வீட்டில் வைத்து வளர்க்கப்போகும் செடிக்குப் பெயர்ச் சீட்டும் கிடையாது, பில்லும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. அரசுப் பண்ணைகளில் சில சமயம் நல்ல செடி மலிவாகக் கிடைக்கும். எப்போது கிடைக்கும் என்பதை மட்டும் போனில் சொல்ல மாட்டார்கள், நேரில் போய் "ஸ்டாக் இல்லை" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

பெயர் தெரிந்து வாங்கினாலும் எல்லா பிங்க்கும் பாத்திக்கு ஆகாது. 'குயின் எலிசபெத்' அருமையான பிங்க்தான், ஆனால் 5 அடியைத் தாண்டும். நம்ம ஊர் பன்னீர் ரோஜா வெயிலுக்கு அஞ்சாது, மணக்கும். ஆனால் கன்னாபின்னாவென்று பரந்து வளரும், இதழும் சீக்கிரம் உதிரும். பூ பறிக்க வைத்துக்கொள்ளலாம், பாத்திக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஃப்ளோரிபண்டா வகை, இல்லையென்றால் பட்டன் ரோஸ். இரண்டும் கொத்தாகப் பூக்கும். வேளாண் விஞ்ஞானி பி.பி. பால் உருவாக்கிய 'டெல்லி பிரின்சஸ்' என்ற பிங்க் ஃப்ளோரிபண்டா கண்ணில் பட்டால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் பிங்க் பட்டன் ரோஸே போதும்.

இனி என் யோசனை. 60-ம் வேண்டாம், 19-ம் வேண்டாம். இந்தத் தையில் 3 செடி வாங்குங்கள். மழை முழுசாக விட்டபிறகு, மார்கழிக் கடைசி அல்லது தை ஆரம்பம் நல்ல சமயம். வெயில் ஏறுவதற்குள் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். ஆடிப்பட்டம் என்று உங்களை அவசரப்படுத்துவார்கள். ஆடியில் நட்டால் வேர் ஊன்றும் முன்னே ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி நிற்க வேண்டும், உங்கள் பக்கத்துக் களிமண்ணில் அது வேண்டாத வேலை. மூன்றும் ஒரு சித்திரையையும் அக்னி நட்சத்திரத்தையும் தாண்டட்டும். அந்த வெயிலில் பூ சிறுத்து, நிறம் வெளிறத்தான் செய்யும். அதைப் பார்த்து உரத்தைக் கொட்டாதீர்கள், குளிர்ந்தால் நிறம் தானே திரும்பும். எது வெயிலிலும் இலை கொட்டாமல் நின்றதோ அதுதான் உங்கள் தாய்ச்செடி.

அடுத்த மார்கழியில் அதிலிருந்து போத்து எடுங்கள். பூத்து முடிந்த, பென்சில் கனத்துக் குச்சி (பட்டன் ரோஸில் அதைவிட மெலிதாகவே இருக்கும்), 6 முதல் 8 அங்குலம், 3 அல்லது 4 கணு. கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். உச்சியில் இரண்டு இலை விட்டு மற்றதை நீக்கி, பாதி மணல் பாதி தென்னை நார்க்கழிவில் இரண்டு கணு புதையும்படி நட்டு, நிழலில் வையுங்கள். பட்டன் ரோஸ் சுலபமாக வேர் விடும், ஃப்ளோரிபண்டா கொஞ்சம் அடம்பிடிக்கும், அதனால் 30 குச்சி போடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் நிறமும் உயரமும் ஒன்றாக வரும். சொந்த வேரில் நிற்பதால் ஒட்டுக்குக் கீழே காட்டுச்செடி கிளம்பும் தொல்லையும் கிடையாது. ஒரு வருஷம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு வருஷத்தில் மண்ணைச் சரிசெய்யலாம். காம்பவுண்டுச் சுவர் ஓரம் என்றாலே சிமென்ட், சுண்ணாம்பு, உடைந்த செங்கல் புதைந்திருக்கும். அது மண்ணைக் காரத்தன்மை ஆக்கும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் காரணம். ஒன்றரை அடி தோண்டிக் குப்பையை அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் கொஞ்சம் மணலும் கலந்து, தரைமட்டத்துக்கு மேல் ஓர் அடி மேடாகப் பாத்தி கட்டுங்கள். மடிப்பாக்கத்தில் மழைக்கு எப்படித் தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்பிள் சிப்ஸ் கூடவே கூடாது. மார்பிளும் சுண்ணாம்புச் சத்துதான். மழையில் கரைந்து மண்ணைக் கெடுக்கும், வெயிலை அடியிலிருந்து இலைமேல் திருப்பி அடிக்கும். அதன் கீழே பிளாஸ்டிக் ஷீட் வேறு விரிப்பார்கள். காய்ந்த இலைச்சருகை இரண்டு அங்குலம் மூடாக்காகப் பரப்பினால் போதும், செலவே இல்லை.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ரோஜாவுக்கு உப்பு ஆகாது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பிபிஎம் கணக்கில்) பார்க்கும் கருவி ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. உங்கள் போர் தண்ணீர் 500-க்குள் இருந்தால் கவலை இல்லை, 1000-ஐத் தாண்டினால் ரோஜாவுக்கு ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீரில் இலை விளிம்பு கருகும், அதை நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் அடிப்பீர்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறேன் என்பவர்கள் உண்டு. அது உப்பு இன்னும் செறிந்த தண்ணீர், ரோஜாவுக்கு விஷம். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதைப் பிடித்துக்கொண்டுதான் பலர் என்னோடு வாதாடுவார்கள். "திருவான்மியூரில் என் தங்கை உப்புத் தண்ணீரில்தான் ரோஜா வளர்க்கிறாள்" என்பார்கள். வளர்க்கலாம். அங்கே மணல். நாலு நாளைக்கு ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டால் சேர்ந்த உப்பு வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். அதுவும் தரையில் நட்ட செடிக்கு, 1000-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும் தண்ணீருக்கு மட்டும். தொட்டிக்கு என்றால், அடியில் ஓட்டை அடையாமல் தாராளமாக வழிந்து ஓட வேண்டும். உங்கள் களிமண்ணில் உப்பு எங்கேயும் போகாது, மழைக்காலம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். அந்தத் திருவான்மியூர் மணல் உங்களிடம் இருந்தால்தான் இந்த விதிவிலக்கு உங்களுக்கு. இல்லையென்றால் மெட்ரோ தண்ணீரோ, தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரோ கலந்து ஊற்றுங்கள். 19 செடிக்கு அது முடியும், 60 செடிக்கு முடியுமா?

பாத்தி அமைந்தபின் வருஷத்துக்கு ஒரு முறை, மழை விட்டதும் கவாத்து. பின்வரிசையை ஓர் அடிக்கும், முன்வரிசையை முக்கால் அடிக்கும் வெட்டினால், துளிர்த்து வரும்போது பாத்தி படிப்படியாகச் சரிந்து தெரியும். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துப் பூசுங்கள், இல்லையென்றால் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். கோடையில் கவாத்து வேண்டாம், வாடிய கொத்தைக் கிள்ளினால் போதும். கொத்தைக் கவனித்துப் பாருங்கள், நடுவில் இருக்கும் மொட்டு முதலில் விரிந்து, மற்றவை திறக்கும்போது வாடித் தொங்கி அசிங்கமாக நிற்கும். பட்டாணி அளவில் இருக்கும்போதே அந்த நடுமொட்டை மட்டும் நகத்தால் கிள்ளிவிட்டால் சுற்றியுள்ளவை சேர்ந்தாற்போல விரியும்.

ஓரத்துக்கு வெள்ளை நித்தியகல்யாணி அல்லது ஊதா ஏஞ்சலோனியா வையுங்கள். பிங்க் அருகே எடுப்பாக இருக்கும், வெயிலும் தாங்கும். ஆரஞ்சு செண்டு வைத்தால் இரண்டு நிறமும் அடித்துக்கொள்ளும். பூச்சிக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கோடையில் செம்பேன் வந்தால் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், அவசியப்பட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் அடியுங்கள். முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல் ரகசியங்களை யூடியூபிலேயே விட்டுவிடலாம்.

மிச்சமிருக்கும் அந்த இரண்டு செடிகள். ஆள் உயரம் வளர்வது அநேகமாக உங்கள் ரோஜாவே இல்லை. அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், தண்டில் முண்டு போல் ஒட்டு தெரியும். நீளக் கிளை அதற்குக் கீழிருந்து வந்திருந்தால் அது ஒட்டுக்கு அடிச்செடியாக வைத்த காட்டு ரோஜா. வெட்டினால் இன்னும் நாலு கிளம்பும், புறப்பட்ட இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். ஒட்டுக்கு மேலே பச்சை எதுவும் மிச்சமில்லை என்றால் செடியைத் தூக்கிப் போட்டுவிடலாம். இன்னொன்று பூக்கிறதா, என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. பிங்க்காக இருந்து, இந்தக் கோடையையும் தாண்டியிருந்தால், நான் சொன்ன மூன்றில் ஒன்று ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு வாங்கினால் போதும்.