பால்பவுடர் கேட்ட சிறுமி

கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் தன்னார்வலராகப் பாடம் நடத்தப் போன இடத்தில், மதுக்கடைகள் நிறைந்த பப் தெருவில் கைக்குழந்தையோடு ஒரு சிறுமி பால்பவுடர் கேட்டாள், வாங்கித் தராமல் வந்தது தூங்க விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் வாங்கித் தந்தவன். அரை மணி கழித்து, ஓரம் நசுங்கிய அதே டப்பா அதே கடை அலமாரியில் திரும்ப உட்கார்ந்திருந்தது. கடைக்கே திருப்பிக் கொடுத்துக் காசாக்கியிருக்கிறாள். அவள்மேல் கோபம் வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அவளை அங்கே நிறுத்தி வைப்பது நம் காசுதான் என்பதுதான் வலித்தது.

1994 முதல் கம்போடியாவில் தெருப்பிள்ளைகளுக்காக வேலை செய்யும் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் சைல்ட்சேஃப் என்ற குழந்தைப் பாதுகாப்பு அவசர எண்ணைக் கைப்பேசியில் போட்டு வையுங்கள்; இப்படிப் பார்த்தால் உடனே கூப்பிடுங்கள். அனாதை இல்லங்களைச் சுற்றிப் பார்க்க அழைத்தால் தயவுசெய்து போகாதீர்கள், அங்கேயும் இதே கதைதான்: பல பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள்.

அப்புறம், மறுபடி அவள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பெயர் கேளுங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள்.