மணலி டீசல் மனாலியில் உறையுமா?

தண்டையார்பேட்டையில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை செய்கிறவன் நான். மார்கழி பிறந்ததும் மாதவரம் லாரி நிறுத்தத்திலிருந்து வடக்கே போகும் வண்டிக்காரர்கள் குளிருக்கு எங்கே டீசல் போடுவது என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை லாரிக்காரர்கள் மட்டுமல்லாமல் மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். கேள்விகளைச் சுருக்கி, பதில்களோடு தருகிறேன்.

அண்ணே, ஜனவரியில் ஸ்ரீநகருக்கு லோடு. ஆந்திராவில் விலை அதிகம் என்பதால் கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் 400 லிட்டரையும் நிரப்பிவிடுவது எங்கள் வழக்கம். நம் ஊர் டீசல் அங்கே உறைந்துவிடும் என்கிறார்களே? (மாதவரம்)

விலைக் கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அந்த டீசல் ஸ்ரீநகர் வரை உங்களோடு வராது. லோடு ஏற்றிய வண்டி லிட்டருக்கு மூன்றரை, நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் 400 லிட்டர் 1,400 முதல் 1,600 கிலோமீட்டர் வரை தாங்கும். நாக்பூருக்கும் ஜான்சிக்கும் நடுவில் டேங்க் காலி. அங்கே "விலை பரவாயில்லை" என்று மறுபடி வாய்வரை நிரப்பிக்கொண்டு மலை ஏறுவார்கள் பாருங்கள், வம்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

டீசலில் இயல்பாகவே மெழுகுச் சத்து உண்டு. மார்கழிக் காலையில் புட்டியிலிருக்கும் தேங்காய் எண்ணெய் முதலில் மங்கி, பிறகு திரிதிரியாகத் திரண்டு, கடைசியில் கட்டியாகிறதல்லவா? டீசலும் அதே வரிசையில்தான் போகிறது. மங்கிய நிலையில் வண்டி ஓடும். இன்னும் குளிர்ந்தால் மெழுகுத் துகள்கள் ஃபில்டர் தாளில் படிந்து வழியை அடைத்துவிடும். வண்டி நிற்பது இந்தக் கட்டத்தில்தான். டேங்கில் இருப்பது மொத்தமாக உறைவது அதற்கும் கீழே உள்ள குளிரில். ஆகவே டேங்க் மூடியைத் திறந்து பார்த்து "உள்ளே தண்ணீராகத்தானே இருக்கிறது" என்று வாதாடுவதில் பயனில்லை.

நம் நாட்டுத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1460, ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலச் சரக்கில் அது 6 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற மாதங்களில் 18 டிகிரி வரை இருக்கலாம். சென்னைக்கு இது தாராளம். ஸ்ரீநகரில் ஜனவரி இரவு பூஜ்யத்துக்குக் கீழே நான்கைந்து டிகிரி போவது சாதாரணம். கார்கிலை ஒட்டிய டிராஸ் பக்கம் மைனஸ் இருபதும் உண்டு. பங்க்குக்கு வரும் சரக்கு வரம்பைவிட நன்றாக இருப்பது உண்டுதான். அதை நம்பி மலையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது.

நான் சொல்வது இவ்வளவுதான்: இரவு வண்டி எந்த ஊரில் நிற்கப்போகிறதோ, அந்த ஊர்க் குளிருக்கான டீசல் டேங்கில் இருக்க வேண்டும். சமவெளியில் தேவைக்கு மட்டும் போட்டுக்கொண்டு போங்கள். ஜம்முவை எட்டும்போது டேங்க் கால்வாசிக்கும் கீழே இருக்கட்டும். அங்கே லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பங்க்காகப் பார்த்து, குளிர்காலச் சரக்குதானா என்று கேட்டு நிரப்புங்கள். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இறங்கியதும் அங்கே ஒருமுறை நிரப்புங்கள். கூட்டமான பங்க் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விற்பனை மந்தமான பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் அக்டோபரில் இறக்கிய கோடைச் சரக்கு டிசம்பரிலும் மிச்சம் இருக்கக்கூடும். புதுச் சரக்கு அதன்மேல்தான் விழும்.

இன்னொன்று. நிரப்பிய இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டிப் படுத்துவிடாதீர்கள். டேங்கில் புது டீசல் இருந்தாலும் ஃபில்டரிலும் குழாயிலும் பழையதுதான் நிற்கும். இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிறகு நிறுத்துங்கள்.

வடக்கே போய்வந்த பழைய டிரைவர்கள் பத்துக்கு இரண்டு மண்ணெண்ணெய் கலந்தால் போதும் என்கிறார்கள். சரியா? (எர்ணாவூர்)

பழைய வண்டிகளில் அது ஓடியது. மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகு படிவது தள்ளிப்போகும் என்பதும் உண்மை. ஆனால் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய் வழியாக டீசல் தள்ளும் இன்றைய காமன் ரெயில் பம்ப் ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதற்கு உயவு தருவதே டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு கிடையாது. பம்ப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் பிளஞ்சரை விளக்கடியில் பிடித்தால், கண்ணாடிபோல இருக்க வேண்டிய உருளையில் நீளவாக்கில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். நகத்தால் தடவினால் தட்டும். அதற்குமேல் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, புதுப் பம்ப்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டியும் வினையூக்கியும் அதைத் தாங்காது. தவிர ரேஷன் மண்ணெண்ணெயை டீசலில் கலப்பது குற்றம். அதில் சேர்த்திருக்கும் நீலச் சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.

சார், பிப்ரவரியில் நண்பர்களோடு டீசல் ஜீப்பில் மனாலி, அங்கிருந்து அடல் சுரங்கம் வழியாகக் கேலாங் போகிறோம். இங்கிருந்தே குளிர்கால டீசல் வாங்கிப் போக முடியுமா? டீசல் உறையாமலிருக்க ஊற்றும், கடையில் விற்கும் கலவைப் புட்டி போதுமா? (ராயபுரம்)

சென்னையில் அந்த டீசல் கிடைக்காது, கிடைத்தாலும் தேவையில்லை. நம் மணலி சுத்திகரிப்பு ஆலை நம் வெயிலுக்கு டீசல் தயாரிக்கிறது. மனாலிப் பனிக்கு அங்கேதான் வாங்க வேண்டும். லடாக் போன்ற இடங்களுக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. முதல் சரக்கு பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. லடாக், கார்கில், காசா, கேலாங் பகுதி ஓட்டிகளின் தொல்லையை மனதில் வைத்துத்தான் அதைச் செய்தார்கள். மனாலியில் இறங்கியதும் கேளுங்கள். கேலாங்குக்குச் சற்று முன்னால் தாண்டி என்ற ஊரில் ஒரு பங்க் உண்டு. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்ற பலகைக்குப் பெயர்போனது. அங்கேயும் கேளுங்கள். இருந்தால் நிரப்புங்கள், இல்லையென்றால் இரவை மனாலியிலேயே கழியுங்கள்.

புட்டி விஷயம்: நல்ல கலவை வேலை செய்யும். அது மெழுகைக் கரைப்பதில்லை, துகள்கள் பெரிதாகாமல் தடுக்கிறது. அதனால் டீசல் மங்குவதற்கு முன்பே, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றியாக வேண்டும். டேங்கில் முதலில் புட்டி, அதன்மேல் டீசல். அப்போதுதான் கலக்கும். உறைந்தபின் ஊற்றுவது காசுக்குக் கேடு. புட்டியில் எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று எழுதியிருப்பதைத் தாண்டவும் வேண்டாம்.

பிரீமியம் டீசல் போட்டால் குளிரைத் தாங்குமா? (பெரம்பூர்)

அதில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் மருந்து. குளிர்காலச் சரக்கு என்று தனியாகச் சொல்லி விற்றாலொழிய, குளிருக்கு அதுவும் சாதா டீசலும் ஒன்றே.

பங்க் டீசல் தரமானதா என்று வாடிக்கையாளர் எப்படிப் பார்ப்பது? அடர்த்தி எண்ணைப் பார்த்தால் குளிரைத் தாங்குமா என்று தெரியுமா? (புது வண்ணாரப்பேட்டை)

இரண்டாவது கேள்விக்கு முதல் பதில்: தெரியாது. அடர்த்தி சரியாக இருக்கும் டீசலும் குளிரில் ஃபில்டரை அடைக்கும். அது கலப்படம் பிடிக்க உதவும் எண், அவ்வளவுதான்.

ஆனால் கலப்படம் பிடிக்க அது நல்ல எண். கேட்டால் காட்ட வேண்டியது பங்க்கின் கடமை. 500 மில்லி கண்ணாடி ஜாடி, மிதக்கும் அடர்த்திமானி, வெப்பமானி, கணக்கு அட்டவணை நான்கும் பங்க்கில் இருக்க வேண்டும். நாசிலில் இருந்து ஜாடியில் பிடித்து, மானியை மெல்ல இறக்கிச் சுழற்றிவிட்டு, ஆடி அடங்கியதும் திரவ மட்டத்தில் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். நம் ஊரில் டீசல் 30 டிகிரிச் சூட்டில் இருந்தால் மானி 820 (கன மீட்டருக்கு இத்தனை கிலோ) என்று காட்டும். பலகையில் 830 என்று எழுதியிருக்கும். உடனே சண்டைக்குப் போகாதீர்கள். பலகையில் இருப்பது 15 டிகிரிக்கான கணக்கு. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.7 கூடக்குறைய வரும். அட்டவணையில் மாற்றிப் பார்த்தபின், சரக்கு இறங்கியபோது பதிவான எண்ணுக்கும் இதற்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அப்போது வாய் திறக்கலாம். அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

குளிரைத் தாங்குமா என்று பார்க்க ஆசையென்றால் காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்? நொறுக்கிய ஐஸில் கல் உப்பைத் தாராளமாகக் கலந்தால் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். சிறு கண்ணாடிக் குப்பியில் டீசலை முக்கால்வாசி ஊற்றி, இறுக மூடி அதில் புதையுங்கள். கால் மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பளிச்சென்றிருந்தது கஞ்சித் தண்ணீர்போல மங்கியிருந்தால் மெழுகு பிரிந்துவிட்டது என்று பொருள். இது வேடிக்கைக்குத்தான், ஆய்வுக்கூடச் சான்று ஆகாது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைத்துத் தொலைக்காதீர்கள், சாப்பாடு எல்லாம் நாறும்.

எங்களுக்கு ஏது குளிர்? ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகை எடுக்கும்போது ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. டீசல் கெட்டதா? (காசிமேடு)

அண்ணாச்சி, உங்கள் ஃபில்டரை அடைப்பது மெழுகு அல்ல, தண்ணீர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடக்கிறது. பாதி காலியான டேங்கில் ஈரக் காற்று புகுந்து, இரவில் சுவரில் வியர்த்து, அடியில் தண்ணீராகச் சேர்கிறது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளரும். ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாக வழுவழுவென்று சளிபோல வருகிறதா? அதுதான் அது. டேங்கை நிரப்பிவைத்துக் கட்டுங்கள். எடுப்பதற்கு முன் அடித் திருகைத் திறந்து தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் தரையில் ஓடும் வண்டிகளுக்கும் இதே தொல்லை. மழைநீர் தேங்கிய பங்க்கில் ஓரிரு நாள் போடாதீர்கள். தொட்டிக்குள் விடும் அளவுகோலில் தண்ணீர் காட்டும் பசை தடவிப் பார்க்கும் வழக்கம் பங்க்குகளில் உண்டு. பசை நிறம் மாறியதா என்று கேளுங்கள். நேர்மையான மேலாளர் காட்டிவிடுவார்.

எண்ணெய் நிறுவனங்களின் டெர்மினல் (சேமிப்புக் கிடங்கு) பக்கத்திலேயே இருக்கும் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பங்க்குகளில் டீசல் சுத்தமாக இருக்குமா? (வியாசர்பாடி)

நம் பகுதியில் இது ஒரு பெருமை. எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குள் சரக்கைப் பரிமாறிக்கொள்கின்றன. எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் வாங்கினாலும் அடிப்படை டீசல் ஒரே ஆலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். தரம் கெடுவது வழியிலும் தொட்டியிலும்தான். தூரத்தைப் பார்க்காதீர்கள், பராமரிப்பைப் பாருங்கள்.

சாலை ஓரத்தில் கேனில் விலை குறைத்து விற்கிறார்களே? (மணலி புதுநகர்)

யாரோ ஒரு டிரைவர் தன் முதலாளி டேங்கிலிருந்து உறிஞ்சியதாக இருக்கும், அல்லது பயோடீசல் என்ற பெயரில் ஏதோ ஓர் எண்ணெயாக இருக்கும். வேண்டாம்.

ஐயா, என் மகன் கனடாவில் வின்னிபெக் பக்கம் டிரக் ஓட்டுகிறான். மைனஸ் முப்பது என்கிறான். அவன் எதைக் கவனிக்க வேண்டும்? (திருவொற்றியூர்)

அம்மா, கவலை வேண்டாம். அங்கே குளிர்காலத்துக்கு ஏற்ற டீசலை அந்தந்தப் பகுதிக் குளிரைக் கணக்கிட்டே பங்க்குக்கு அனுப்புகிறார்கள். ஆபத்து ஒன்றுதான்: அமெரிக்காவின் தென்பகுதியில் மலிவாக நிரப்பிக்கொண்டு நேரே வடக்கே ஏறுவது. மாதவரத்துத் தம்பிக்குச் சொன்னதே அவனுக்கும். அங்கே டீசலில் ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று இரு வகை. ஒன்று அதிகக் குளிர் தாங்கும், விலை கூடுதல், மைலேஜ் சற்றுக் குறைவு. இரவில் எஞ்சினைச் சூடாக வைக்கும் மின் ஹீட்டரைச் செருக இடம் இருக்கும் நிறுத்தமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

ஊட்டியில் காலையில் எங்கள் வேன் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. சென்னை டீசல்தான் காரணமா? (கொளத்தூர்)

ஸ்டார்ட் ஆனபின் ஒழுங்காக ஓடியதல்லவா? அப்படியானால் பேட்டரியையும், ஸ்டார்ட் ஆகுமுன் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்கையும் பாருங்கள். மெழுகு அடைத்தால் ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் இழுவை இல்லாமல் அணையும்.

டீசல் மட்டுமா, புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசலும் உறையுமா? (மாதவரம்)

உறையும், மைனஸ் 33 தாங்கும் அந்த டீசலுக்கு முன்பே. 32.5 சதவீத யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைகிறது. அதற்காக எதையும் கலக்காதீர்கள். அந்த டேங்கை உருக்க வண்டியிலேயே ஏற்பாடு உண்டு, உருகினால் தரம் கெடாது. உறையும்போது பருமன் கூடும் என்பதால் விளிம்புவரை மட்டும் நிரப்ப வேண்டாம்.

எல்லாம் சரி, நடு மலையில் உறைந்தே போனால்? (எண்ணூர்)

முதலில், டேங்குக்கு அடியில் தீ மூட்டாதீர்கள். அந்தப் பக்கம் சிலர் செய்வார்கள், பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். பக்கத்திலேயே பிரேக் காற்றுக் குழாயும் மின்கம்பியும் ஓடுகின்றன.

உதிரி ஃபில்டர் ஒன்று கேபினுக்குள், வெதுவெதுப்பான இடத்தில் எப்போதும் இருக்கட்டும். அடைத்தது பெரும்பாலும் ஃபில்டர்தான் என்பதால் அதை மாற்றினாலே வழி பிறக்கும். மாற்ற இல்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஃபில்டர்மேலும் குழாய்மேலும் சுற்றுங்கள். வெயில் ஏறும்வரை பொறுத்தால் இன்னும் நல்லது. பிறகு கைப்பம்ப்பை அடித்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு (ஏர் எடுத்துவிட்டு) ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டரைப் பத்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், இடையில் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். ஓடத் தொடங்கியதும் அடுத்த பங்க்கில் உள்ளூர்ச் சரக்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.