எந்த அப்பாவி?

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் நூலகத்தில் நடந்த வாசகர் வட்டத்தில், வன்முறை எந்நிலையிலும் நியாயமாகாது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை தராதபோது, 1940-இல் மைக்கேல் ஓ'டையரைச் சுட்டுக் கொன்ற உத்தம் சிங் செய்தது தவறா? பதிலடியில் சில அப்பாவிகள் சாவது தவிர்க்க முடியாதது என்றே நினைக்கிறேன். காந்தி உத்தம் சிங்கைக் கண்டித்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சிங்கப்பூர் பொங்கோலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது 1945-இல் மலாயாவில் நடந்த பழிவாங்கல்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு விரைவில் பதில் எழுதியிருக்க மாட்டேன். காந்தியை விட்டுவிடுவோம். அவர் எதைக் கண்டிப்பார் என்பது அவரைக் கொஞ்சமாவது படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

உங்கள் கோபத்தில் நான் குறை காணவில்லை. 1919-இல் கூட்டத்தின்மேல் 1,650 தோட்டாக்களைச் சுடவைத்த ராணுவ அதிகாரி டையர் பதவி இழந்தாரே தவிரக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்றது, லண்டன் நாளிதழ் ஒன்று அவருக்காக 26,000 பவுனுக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. இதைப் படித்தும் ரத்தம் கொதிக்காத இளைஞரோடு பேச எனக்கு விருப்பமில்லை. உத்தம் சிங் 21 ஆண்டுகள் கழித்துச் சுட்டது, டையரின் செயலை ஆதரித்த அதே பஞ்சாப் துணைநிலை ஆளுநர் ஓ'டையரைத்தான். தெருவில் போன ஏதோ ஒரு வெள்ளைக்காரனை அல்ல. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அவர் தனிமனிதர். இயக்கங்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதுமில்லை, ஆள் பார்த்து அடிப்பதுமில்லை.

நான் கோபப்படுவது ‘சில அப்பாவிகள்’ என்று நீங்கள் எழுதியதன் மேல். பொங்கோல் அடுக்குமாடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதை எழுத எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! எந்த அப்பாவி, தம்பி?

ஜப்பானியர் வீழும் தறுவாயிலும் வீழ்ந்த பின்னும், காட்டிலிருந்து வந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் காட்டிக்கொடுத்தவர்களைப் பிடித்துத் தண்டித்தார்கள். 1942-இல் ஜப்பானியர் சூக் சிங் என்ற பெயரில் சீன ஆண்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்றதைக் கண்ட மக்களின் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் யார் துரோகி என்பதைத் துப்பாக்கி வைத்திருந்தவரே முடிவு செய்தார். ஜொகூரின் பத்து பகாட்டில் அது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையிலான வெட்டுக்குத்தாகவே மாறிற்று. அங்கே வீட்டையும் உறவையும் பறிகொடுத்து ஓடிய கிராமத்தார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள்?

நம் ஊருக்கே வாருங்கள். 1965 மார்ச் 10-ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டோனல்டு ஹவுஸில் வெடித்த குண்டுக்கும் இந்தோனேசியத் தரப்பில் காலனியாதிக்க எதிர்ப்பு என்றுதான் காரணம் சொன்னார்கள். செத்தவர்கள் வங்கியில் வேலை பார்த்த இரண்டு பெண்களும் ஓர் ஓட்டுநரும். குண்டு வைத்த இருவரும் 1968-இல் இங்கே தூக்கிலிடப்பட்டார்கள். இந்தோனேசியாவில் அவர்கள் தேசிய வீரர்கள்.

1985 மே மாதம், தேக்காவில் ஒரு தேநீர்க் கடை. இலங்கையின் அநுராதபுரத்தில் புனித வெள்ளரச மரத்தடியில் வழிபட வந்தவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு, “இப்பவாவது அவங்களுக்கு உறைக்கட்டும்” என்றார் எங்கள் மேசையில் இருந்த ஒருவர். அவர் சிங்கப்பூரைத் தாண்டியவர் அல்லர். எதிரே இருந்த பெரியவரின் கொழும்பு வீடு 1983 ஜூலையில் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் எரிக்கப்பட்டது. மகளிடம் வந்து தங்கியிருந்தார். அவர் தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றியபடியே, “கும்பிடப் போன கிழவியளைச் சுட்டு என்ர வீடு திரும்பி வரப்போகுதோ? உமக்கென்ன, நீர் இஞ்ச இருக்கிறீர்” என்றார். மேசையில் அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவருக்கு இல்லாத வீராப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? அடிபட்டவன் திருப்பி அடிப்பதைத் தள்ளி நின்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அடுத்தவன் சாவுக்கு அனுமதி வழங்கும் தகுதி உங்களுக்கும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் உத்தம் சிங்கைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். எல்லாரும் ஒரே மாதிரித் தலையாட்டும் கூட்டத்துக்கு அது நல்லதுதான். அந்த ‘சில அப்பாவிகள்’ என்ற சொற்களை மட்டும் அடித்துவிடுங்கள். அடிக்க மனம் வராவிட்டால், அந்த இடத்தில் தினமும் உங்களோடு மின்தூக்கியில் வருகிற ஒருவரின் பெயரை எழுதி, கூட்டத்தில் உரக்க வாசியுங்கள்.