‘ப்ளோட்டில்லா’ என்றால் என்ன? எந்த மொழிச் சொல்?

காசாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன படகுகள் பற்றிய செய்தியைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சின்னப் படகுகளோ சிறு கப்பல்களோ ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து போனால் அது ப்ளோட்டில்லா. ஸ்பானிஷில் ‘ப்ளோட்டா’ என்றால் கப்பல் கூட்டம், ‘இல்லா’ ஒட்டினால் சின்னதாகிவிடும். போருக்கு ‘கெர்ரா’, சின்னப் போருக்கு ‘கெரில்லா’, அதே கணக்குதான். (ஸ்பானிஷ் படித்தவர்கள் உச்சரிப்புக்காகச் சண்டைக்கு வராதீர்கள், ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தபடி எழுதுகிறேன்.)

இந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு எரியும். அரசுத் தேர்வுக்காகக் கடலூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வாத்தியார் போர்டில் ‘ப்ளோட்டில்லா: கப்பற்படை’ என்று எழுதிப்போட்டார். “அப்போ நேவிக்கு என்ன சார் எழுதுறது?” என்று கேட்டேன். எங்கள் அப்பா தேவனாம்பட்டினத்தில் பைபர் படகு வைத்திருப்பது அவருக்குத் தெரியும். “கடல்ல வலை போட்டா இங்கிலீஷ் வந்துடுமா?” என்றார், வகுப்பே சிரித்தது.

கடற்படைகளிலும் சிறு போர்க்கப்பல் பிரிவை அப்படிச் சொல்வதுண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிவு வேறு, படை வேறு. 1783 ஜூன் 20-ல் நம் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுய்ப்ரேன் 15 போர்க்கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரின் 18 கப்பல்களை மோதினாரே (புதுச்சேரியில் வீதியே இருக்கிறது அவர் பேரில்), அதை யாரும் ப்ளோட்டில்லா என்று சொல்லமாட்டார்கள், ஒவ்வொன்றும் அடுக்கடுக்காகப் பீரங்கி ஏற்றிய பெரிய கப்பல். 1940-ல், இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் டன்கர்க் கரையில் சிக்கிய நேச நாட்டு வீரர்களை மீட்க மீன்பிடிப் படகு, உல்லாசப் படகு என்று கிடைத்ததெல்லாம் கிளம்பிப் போனதே, அதைச் சொல்லலாம்.

படகு என்றதும் இன்னொரு எரிச்சல், இந்த டிவிக்காரர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அப்போது எடுத்த படத்தையே நவம்பரில் புயல் வந்தாலும் ‘கரை திரும்பிய படகுகள்’ என்று ஓட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, இன்னும் கடலில் இருக்கிற அண்ணனுக்கு வீட்டில் போன் மேல் போன் போடுவார்கள், அங்கே டவர் எடுக்காது. ஒரு ஆளை அனுப்பிப் புதிதாகப் படம் எடுக்க முடியாதா?