டியூட்டி இல்லாத ராத்திரியிலும் மூன்று மணிக்கு விழிப்பு

கேள்வி: எனக்கு வயது 33. மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆன்-கால் டியூட்டி. ராத்திரி சர்வர் விழுந்தால் போன் அலறும், எழுந்து சரிசெய்ய வேண்டும். இப்போதெல்லாம் டியூட்டி இல்லாத வாரத்திலும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. பக்கத்தில் யாருடைய போன் அதிர்ந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். டீமில் எல்லோரும் சமாளிக்கிறார்கள். நான் மட்டும் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ? மனநல மருத்துவரைப் பார்க்கலாமா? மாத்திரை தொடங்கினால் விடவே முடியாது என்கிறார்களே?

பதில்: இதயத்தைப் பரிசோதித்துவிட்டீர்கள், நல்லது. தைராய்டும் ரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும். அவற்றைப் பார்க்காமல் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவும் சரியாக இருந்தால், உங்கள் உடலில் நடப்பதற்கு வேறு விளக்கம் இருக்கிறது.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் இடிச் சத்தத்தில் தூங்குவாள், குழந்தை லேசாக முனகினால் எழுந்துவிடுவாள். எந்தச் சத்தம் முக்கியம் என்று மூளை தூக்கத்திலும் காவல் காக்கிறது. உங்கள் மூளைக்கு அந்தச் சத்தம் போன். நடுராத்திரி ஒலி, அவசரம், 'என்னால் ஏதாவது கெட்டுவிடுமோ' என்ற பயம் மூன்றும் பலமுறை சேர்ந்தே வந்ததால், ஒலி கேட்ட மாத்திரத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போன் அடிக்காவிட்டாலும் காவல் ஓய்வதில்லை. ராத்திரி அலாரத்துக்கு எழ வேண்டிய கப்பல் இன்ஜினீயர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 1988இல் ஓர் ஆய்வு வந்தது. அலாரம் அடிப்பதற்கு முன்பே அவர்களுடைய ஆழ்ந்த தூக்கம் குறைந்திருந்தது. அடிக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்து, 'நான் லாயக்கில்லையோ' என்ற சந்தேகம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு, அதாவது பர்ன்-அவுட்டுக்கு, மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, தன் திறமை குறைந்துவிட்டதாக உணர்வது. மூன்றாவதைக் கவனியுங்கள். லாயக்கில்லை என்ற எண்ணமே அந்தச் சோர்வின் ஒரு பகுதி. ஒன்பது வருடம் வேலை பார்த்தவருக்குத் திறமை திடீரென்று காணாமல் போகாது. உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. அப்புறம், 'எல்லோரும் சமாளிக்கிறார்கள்' என்பது. உங்கள் துறையிலிருந்து என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே இதே வரியைத்தான் சொல்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் மனம் கொஞ்சமாவது லேசாகிறதா? இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக தினமும், விடுமுறையிலும்கூட மனம் கனத்தே கிடந்தாலோ, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேண்டும், லீவு போட்டால் மட்டும் தீராது. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தால்கூட, அன்றைக்கே நெருங்கிய ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரோடு மருத்துவரிடம் போங்கள். தயவுசெய்து அடுத்த ரிலீஸ் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மனநல மருத்துவரைத் தாராளமாகப் பார்க்கலாம். மாத்திரை பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தூக்க மாத்திரைகளிலும் உடனடியாகப் பதற்றம் தணிக்கும் சில மாத்திரைகளிலும் பழக்கமாகிவிடும் ஆபத்து உண்மையிலேயே உண்டு, அவற்றை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் வேறு. அவை அப்படி அடிமையாக்குவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம். நிறுத்தும்போது திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்களைப் போன்ற பலருக்கு மாத்திரையே தேவைப்படாமல், தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது உண்டு. டியூட்டி அலர்ட்டுக்கு வேறு எதற்கும் இல்லாத தனி ஒலி வையுங்கள். டியூட்டி இல்லாத வாரம் அலர்ட் வரும் செயலியை முழுவதும் அணைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். 'சும்மா பார்த்துக்கொள்வோம்' என்று திறந்தே வைத்திருந்தால் மூளைக்கு ஓய்வு வாரமே கிடைக்காது. மூன்று மணிக்கு விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள், கண் சொருகும்போது போய்ப் படுங்கள். எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், ஆன்-கால் வாரத்தைத் தவிர. மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் கிட்டத்தட்ட பாதி, ராத்திரி பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். தூக்கத்துக்காக மது வேண்டவே வேண்டாம், அது ராத்திரியின் பின்பாதித் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

சரி, இவ்வளவும் உங்கள் பக்கம். மீதி அலுவலகத்தின் பக்கம் இருக்கிறது. மேனேஜரிடம் பேசுங்கள், மன்னிப்புக் கேட்கிற தொனியில் அல்ல. ராத்திரி எழுந்து வேலை பார்த்தவருக்கு மறுநாள் காலை ஓய்வு, பொறுப்பைப் பகிர இரண்டாவது ஆள், காலைவரை காத்திருக்கக்கூடிய அலர்ட் ராத்திரி அடிக்காதபடி ஓர் ஏற்பாடு. இந்த மூன்றையும் கேட்பது நியாயம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்வோரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. இதையும் சொல்லலாம்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு எடுத்துப் போங்கள். படுத்த நேரம், விழித்த நேரம், அது டியூட்டி வாரமா இல்லையா என்று தினம் காலையில் ஒரு வரி எழுதினால் போதும்.