இருட்டில் வளர்ந்த அவரை

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை நான்தான் எடுக்கிறேன். செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதைக் காட்ட, இரண்டு கொட்டாங்குச்சியில் அவரை போட்டு, ஒன்றை ஜன்னலோரமும் இன்னொன்றைப் பீரோவுக்குள்ளும் வைத்தோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால், பீரோவுக்குள் இருந்ததுதான் உயரம்! "இருட்டுலதான் டீச்சர் நல்லா வளருது" என்று ஒரே கூச்சல். பாடப்புத்தகத்தைக் காட்டினேன், யாரும் நம்பவில்லை. இந்த வயதில் சோதனை எதற்கு, பாடத்தைப் படிக்க வையுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்யட்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் சோதனை நன்றாகவே நடந்திருக்கிறது. பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். அதைப் புத்தகத்தை வைத்து அடக்காதீர்கள். அடக்கினால், பார்ப்பது ஒன்று, பரீட்சைக்கு எழுதுவது வேறொன்று என்பதை ஏழு வயதிலேயே படித்துக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய கெடுதல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முளைத்த புதிதில் செடிக்குச் சாப்பாடு விதையின் இரண்டு பருப்பிலும் இருக்கிறது. வெளிச்சம் கிடைக்காதபோது அந்தச் சேமிப்பை இலைக்கும் பச்சையத்துக்கும் செலவழிக்காமல், தண்டை நீட்டுவதிலேயே கொட்டிவிடும். மண்ணில் ஆழமாக விழுந்த விதை மேலே வந்து சேர்வது இப்படித்தான். அவரை மாதிரி விதைகள் முளைப்பதற்கு வெளிச்சம் தேவையே இல்லை. வீட்டில் ராகியைத் துணியில் கட்டி வைத்தால் முளைக்கிறதே! முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதும், அது வெளிறிய மஞ்சளாக நீண்டு நிற்பதும் பிள்ளைகளின் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும். யாராவது ஒரு பாட்டியை வகுப்புக்குக் கூப்பிடலாம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து, "உயரம் தவிர வேற என்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள், அதுதான் கஷ்டம். ஒருத்தி நிறத்தைச் சொல்வாள். ஒருவன் தண்டைத் தொட்டுப் பார்த்து நூல் மாதிரி இருக்கிறது என்பான். இலை விரியாததை இன்னொரு பிள்ளை கண்டுபிடிக்கும். பிறகு பீரோச் செடியைத் திரும்ப உள்ளேயே வையுங்கள். ஓரிரு வாரத்தில் பருப்பு இரண்டும் சுருங்கி விழும், செடியும் துவண்டு சாயும். என்ன ஆகும் என்று ஒவ்வொருவரையும் முன்கூட்டியே சொல்ல வைக்க வேண்டும். சொன்ன பிள்ளைதான் கதவைத் திறக்கும்போது உற்றுப் பார்க்கும். ஒன்றாம் வகுப்பு தேதி போட்டுப் படம் வரையட்டும், மூன்றாம் வகுப்பு இரண்டு வரி எழுதட்டும். இன்னொரு கொட்டாங்குச்சியையும் இருட்டில் முளைக்க வைத்து வெளியே எடுத்தால், இரண்டு மூன்று நாளில் பச்சை ஏறுவதைப் பார்க்கலாம்.

தலைமையாசிரியரிடம் உங்கள் மாவட்டத்துக் கதையையே சொல்லுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து, அங்கே எத்தனை பேருக்குப் பல் பழுப்பேறியிருக்கிறது! ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று திட்டினால் போகிற கறையா அது? நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரால் வருவது. அமெரிக்காவின் ஓக்லி என்ற சிற்றூரில், புது ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது என்று கவனித்தவர்கள் பெற்றோர்கள். மெக்கே என்ற பல் மருத்துவர் 1923-ல் அங்கே போய்ப் பார்த்து, அந்த ஊற்றை விட்டுவிடச் சொன்னார். பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு முளைத்த பற்கள் கறையில்லாமல் வந்தன. காரணம் ஃபுளோரைடு என்று தெரிந்ததே 1931-ல்தான். எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்டதால் பெயர் தெரியுமுன்பே பல் தப்பியது. உங்கள் பக்கம் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல் தொடங்கியதும் இந்த ஃபுளோரைடுக்காகத்தான். உங்கள் பிள்ளைகள் இப்போது இருப்பது அந்த எட்டு வயதுக்குள். இந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு வயது போதாது என்று எப்படிச் சொல்வது?

ஒன்று கேட்க மறந்தேன். கொட்டாங்குச்சியின் கண்ணில் ஓட்டை போட்டீர்களா? தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், பழி இருட்டின் மேல் விழும். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றுகிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.