பேசாத பிள்ளையோடு உட்காரும் வேலை

"குழந்தைங்களோட விளையாடி, பேசுறதுக்கு ஒரு படிப்பா சார்?" என்று கேட்டீர்கள் அம்மா. மகள் சைக்காலஜிதான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. குழந்தைகளைப் பார்க்கும் சைக்காலஜிஸ்டின் அறைக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் என்றாலே காலையில் வயிற்றுவலி வரும் எட்டு வயதுப் பையன். "ஏன்டா போகமாட்டேங்குற?" என்றால் அவனுக்கே பதில் தெரியாது. சைக்காலஜிஸ்ட் அந்தக் கேள்வியோடு ஆரம்பிக்க மாட்டார். தரையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பரப்புவார். பையன் ஒரு பொம்மையை எடுத்து மேஜைக்கு அடியில் ஒளித்து வைப்பான். அதை அவர் கவனித்துக்கொள்வார், அவசரப்பட்டு அர்த்தம் சொல்ல மாட்டார். பிறகு பயத்தைப் படிப்படியாகப் பிரிப்பார்கள்: முதலில் கேட் வரை, அடுத்து ஒரு பீரியட், அப்புறம் மதியம் வரை. வீட்டில் யார் என்ன சொல்ல வேண்டும் என்று பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. பாதி வேலை அங்கேதான்.

பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் இந்த முறைக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற சைக்காலஜிஸ்ட், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி 1924-ல் எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டு முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார். கடைசியில் முயல் விரலைக் கொறித்தாலும் பீட்டர் பயப்படவில்லை.

வளரிளம் பிள்ளைகளிடம் பொம்மை எடுபடாது, நம்பிக்கைதான் வேண்டும். எதை அம்மா அப்பாவிடம் சொல்ல மாட்டேன், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க முடியாது. பாலியல் கொடுமை தெரியவந்தால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும்.

இனி படிப்பு. பி.எஸ்சி. சைக்காலஜி வாசற்படிதான், அதை முடித்த கையோடு சிகிச்சை தர முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பை முடித்து, அந்தக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகு படிக்கும் இரண்டாண்டு எம்.ஃபில்.தான் பல வருடமாக முக்கியமான வழியாக இருந்தது. பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பெயரை எல்லோரும் சொல்வார்கள். இப்போது பாடமுறை மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் எங்கே பணம் கட்டினாலும், அந்தப் படிப்புக்கு அந்த வருடம் ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஆறு வார சர்டிஃபிகேட் விளம்பரங்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். மருந்து எழுதும் ஆசை இருந்தால் அது வேறு பாதை: எம்.பி.பி.எஸ்., பிறகு மனநல மருத்துவம்.

மொத்தத்தில் ஏழெட்டு வருடம் ஆகும். ஆரம்பச் சம்பளமும் உடனே கையை நிறைக்காது. ஆனால் பொறுமை உள்ள பிள்ளைக்கு இது நல்ல வேலை என்று நான் மனசாரச் சொல்வேன்.

இந்த லீவில் பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளியில் அனுமதி கேட்டு, அவளைப் பத்து நாள் உதவிக்குப் போகச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையும் பேசாத குழந்தையின் பக்கத்தில் அரைமணி நேரம் போனைத் தொடாமல் இருக்க முடிகிறதா என்று அவளே பார்க்கட்டும். அதன்பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்ளிகேஷன் போடுவதைப் பற்றிப் பேசலாம்.